ஏழு நட்சத்திரத்தில் நாலு கிளாஸ்

கல்யாணத்தன்று காலையில் நான் ஒரு சபதம் செய்தேன். இனி சாகும்வரை ஒரு பீர்ப் பீப்பாயின் பக்கத்தில் போய் நிற்பதில்லை. சர்ச்சில் புருஷனுக்குக் கொடுத்த வாக்கெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

காரணம் இருக்கிறது. நான் பிறந்ததே ஒரு பப்பின் மேல்மாடியில். யார்க்ஷயரின் ஷெஃபீல்டில் அப்பா நடத்திய பப்புக்கு 'நங்கூரம்' என்று பெயர். கடல் அங்கிருந்து அறுபது மைல். அம்மாவுக்குக் கால் நரம்பு சுருண்டு, நிற்க முடியாமல் போனதும் பதினைந்து வயதில் என் பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள். அப்புறம் எட்டு வருஷம் நான் படித்ததெல்லாம் கிளாஸ்களின் அடிப்பாகத்தைத்தான். கிறிஸ்துமஸ் மத்தியானம் ஊரே வான்கோழி தின்னும். நாங்கள் ஊர் குடித்த கிளாஸைக் கழுவுவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது உட்கார்ந்து சாப்பிட்டதாக ஞாபகம் இல்லை.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன், பீர் குடிப்பதையே ஒரு படிப்பாகப் படிப்பவர்.

வில்ஃப் லெஸ்டரில் காலுறை ஆலையில் இயந்திரம் பழுது பார்ப்பவர். இளவயதில் ஆலை வேலையாக ஷெஃபீல்டுக்கு வந்து ஒரு வருஷம் தங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் நங்கூரத்தின் மூலை மேஜையில் ஒரு அரைக் கிளாஸோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் அப்பாவிடம், இந்தப் பீப்பாயைத் திறந்தது யார் என்று கேட்டார். அப்பா என் பக்கம் கையைக் காட்டினார். அடுத்த வெள்ளிக்கிழமை சாக்லேட் டப்பாவோடு வந்தார். எங்கள் காதல் கதை அவ்வளவுதான். இதை யாரும் பாட்டாகப் பாடமாட்டார்கள்.

பிறகு சாலை போடுவதற்காக நங்கூரத்தை இடித்தார்கள். அப்பா அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார். இடிக்கும் முன்னால் நான் போய்ப் பீர்க் குழாயின் மூக்கில் திருகும், பொடித் துளை போட்ட பித்தளை மூடியை மட்டும் கழற்றிக்கொண்டு வந்தேன். இருபது வருஷமாக அது என் சாவிக்கொத்தில் தொங்குகிறது. பீப்பாய் பக்கத்தில் நிற்பதில்லை என்றுதான் சபதம். மூடியைப் பற்றிச் சபதத்தில் ஒன்றும் இல்லை.

அந்த வருஷம்தான் வில்ஃப் நோட்டுப் போட ஆரம்பித்தார். நீல அட்டை. எந்த ஊரில் எந்த பீர் குடித்தாலும் வரிசை எண் போட்டு, பெயர் எழுதி, பத்துக்கு எத்தனை என்று மார்க் போடுவார். போன வருஷம், நான் சொல்லவரும் பயணம் வரை ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு பீர் ஆகியிருந்தது. எட்டுக்கு மேல் எதுவும் வாங்கியதில்லை. எட்டு வாங்கியது தெரிந்தால் வீட்டில் இரண்டு நாளைக்கு அதே பேச்சு. நோட்டை என்னைத் தொடவிடமாட்டார். எனக்கும் ஆசை இல்லை. எனக்குக் கவலைப்பட வேறு விஷயங்கள் இருந்தன.

பிப்ரவரியில் ஆலையை மூடினார்கள். ஐம்பத்தொரு வயது ஆணை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்? சமையலறையில் உட்கார்ந்துகொண்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தை மூன்று தடவை பழுது பார்த்தார். நாலாவது தடவை அது நின்றுவிட்டது. எனக்கு ராத்திரி நெஞ்சு அடித்துக்கொள்ளும். வாய்விட்டுச் சொன்னால் அவருக்கும் அடித்துக்கொள்ளுமே என்று பேசாமல் படுத்திருப்பேன்.

மே மாதம் ஒரு நாள், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என் பின்னால் வந்து நின்றார்.

"கல்யாண வெள்ளி விழாவுக்கு உன்னை வெளியூர் கூட்டிட்டுப் போறேன், வாத்துக்குட்டி."

எங்கள் ஊரில் பால்காரர் முதல் பாதிரியார் வரை எல்லாரையும் 'வாத்து' என்றுதான் கூப்பிடுவோம். கூட ஒரு 'குட்டி' சேர்ந்தால் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்.

"கடலுக்கா?"

"ஷ்ராப்ஷயருக்கு. லட்வெல்னு ஒரு சின்ன ஊர். சனி, ஞாயிறு ரெண்டு நாள்."

"அங்க ஏது கடல்?"

"மலை இருக்கு. காத்து இருக்கு."

"பப் எத்தனை இருக்கு?"

அவர் கொடியில் தொங்கிய தலையணை உறையை ஆராய்ந்தார். "இருக்கும் ரெண்டு மூணு. நான் எண்ணலை."

எண்ணியிருந்தார். கோட்டுப் பையில் பட்டியல் இருந்தது. ஒன்பது.

ஆனால் மூன்று மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. ஒன்பது பப்புக்கு அது மலிவு என்று நினைத்துப் பெட்டியைக் கட்டினேன்.

சனிக்கிழமை பதினொன்றரை மணிக்கு 'கலப்பை' என்ற பப்பில் ஆரம்பித்தோம். வில்ஃப் கிளாஸை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். மூக்கை உள்ளே விட்டார். ஒரு வாய் இழுத்து, பல் டாக்டர் வீட்டில் கொப்பளிப்பதுபோல் கொப்பளித்து, கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்தில் டொமினோ ஆடிக்கொண்டிருந்த கிழவர்கள், இவருக்கு உடம்பு சரியில்லையோ என்று ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

"மூலிகை வாசனை," என்றார். "அடியில லேசா ஒரு மண் மணம். ஏழு."

நான் ஒரு மிடறு எடுத்தேன். மூலிகையும் இல்லை, மண்ணும் இல்லை. குழாய் கழுவி மூன்று வாரம் ஆகியிருந்தது. சொல்லலாமா என்று யோசித்தேன். ஊர்வழி வந்த இடத்தில் எதற்கு என்று விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் பீர் பற்றிப் பேசும் பொறுப்பு இருபத்தைந்து வருஷமாக அவருடையது. குடிக்கிறவர் பேசுவார், கழுவுகிறவள் கேட்டுக்கொள்வாள்.

'மூன்று லாடத்'தில் ஒரு நாய் என் செருப்பின் மேல் படுத்துக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை. கணப்பில் கரி எரிந்துகொண்டிருந்தது. ஈரக் கோட்டு, புகையிலை, சிந்திய பீர், மெழுகு போட்ட மரம் எல்லாம் கலந்த வாசனை. கண்ணை மூடினால் அப்பா கல்லாவுக்குப் பின்னால் மணியைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. நேரமாகிவிட்டது, எழுந்திருங்கள் என்று அவர் சொல்வதே ஒரு தாலாட்டு மாதிரி இருக்கும். யாரும் எழுந்திருக்கமாட்டார்கள். இங்கே இரண்டரைக்கு மூடும் மணி அடித்தது. நாயைக் கிளப்பிவிட்டு எழுந்தேன்.

மத்தியானம் பப் எல்லாம் மூடிவிட்டதால், மழையில் காருக்குள் உட்கார்ந்து பன்றிக்கறி அடைத்துச் சுட்ட பண்டம் சாப்பிட்டோம். வில்ஃப் கைக்குட்டை எடுக்கக் கோட்டுப் பைக்குள் கையை விட்டபோது ஒரு அளவு நாடா விழுந்தது. மனைவியை வெள்ளி விழாவுக்குக் கூட்டிவரும் மனுஷனுக்கு அளவு நாடா எதற்கு? கேட்டேன். எப்போதும் வைத்திருப்பதுதான் என்றார். இருபத்தைந்து வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

ஆறு மணிக்கு, நாங்கள் தங்கவேண்டிய 'ஏழு நட்சத்திர'த்துக்குப் போனோம். தாழ்ந்த கூரை. நடுவில் தேய்ந்து குழிவிழுந்த கல் படி. கல்லாவில் கைத்தடியோடு நின்றவர் மிஸஸ் ப்ராபர்ட். எழுபத்தொரு வயது. முப்பது வருஷமாக அந்தப் பப்பை நடத்துகிறவர்.

வில்ஃப் இரும ஆரம்பித்தார். அதற்குள் அந்தம்மாள் கேட்டுவிட்டார்.

"நீங்கதானே இடத்தை எடுத்து நடத்தறதுக்குப் பாக்க வந்தவங்க?"

வில்ஃபின் இருமல் நின்றது. என் மூச்சும் நின்றது.

மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். எல்லாம் வெளியே வந்தது. மிஸஸ் ப்ராபர்ட் இடுப்பு முடியாமல் தங்கையோடு போய் இருக்கப்போகிறார். பப்புக்குச் சொந்தக்காரர்களான பீர் ஆலைக்காரர்கள் அடுத்த ஆளைக் காட்டும்படி அவரிடமே கேட்டிருக்கிறார்கள். வில்ஃப் ஏப்ரலிலேயே கடிதம் எழுதிவிட்டார். எங்கள் வீட்டை விற்றுவிட்டு இங்கே மேல்மாடியில் குடியிருக்கலாமாம். ஜன்னல் திரைக்கு அளவு எடுக்கத்தான் நாடா.

லைலாக் செடி வைத்த என் வீடு. என் கணப்பு, என் நாற்காலி, என் ஞாயிற்றுக்கிழமை.

"நான் எங்கேருந்து தப்பிச்சு வந்தேன்னு உனக்குத் தெரியாதா, வில்ஃப்?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"உன்னை எதையும் தொடவிடமாட்டேன், வாத்து. நீ மேல உக்காந்து ரேடியோ கேளு. எல்லாம் நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துப்பியா? உனக்குப் பீப்பாயில வாய் எது, வால் எதுன்னு தெரியுமா?"

"எனக்கு நாக்கு இருக்கு. ஆயிரத்து இருநூறு பீர் பழகின நாக்கு. பப் நடத்த அது போதாதா?"

அந்த இடத்தில்தான் எனக்கு யோசனை வந்தது. பிடிவாதக்காரனிடம் மல்லுக்கு நிற்கக்கூடாது, அவன் பெருமையையே கயிறாக்கிக் கட்டவேண்டும் என்பது என் அம்மா பாடம். நாளை மத்தியானம் கல்லாவில் நாலு கிளாஸ் வைக்கச் சொல்கிறேன் என்றேன். நாலும் என்னென்ன பீர் என்று சரியாகச் சொல்லிவிட்டால் பப்பை எடுக்க நான் கையெழுத்துப் போடுகிறேன். தவறினால் இந்தப் பேச்சு அத்தோடு சரி. வீட்டுக்குத் திரும்பிவிடவேண்டும்.

அவர் கை நீட்டினார். குலுக்கினோம்.

காலையில் ஏழு மணிக்குக் கீழே இறங்கினேன். நிலவறைக் கதவு திறந்திருந்தது. மூன்றாவது படியில் மிஸஸ் ப்ராபர்ட் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார். கீழே போகவும் முடியவில்லை, மேலே வரவும் முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து என் நிலைமையைச் சொன்னேன். ஒரே பீப்பாயிலிருந்து நாலு கிளாஸ், நாலு விதமாக ஊற்றவேண்டும். அவ்வளவுதான் என் கோரிக்கை.

அந்தம்மாள் கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்தார்.

"அவர் ஒரே பீப்பாயான்னு கேட்டா நான் பொய் சொல்லமாட்டேன்."

"கேக்கலேன்னா?"

"கேக்காததுக்கு நான் ஏன் பதில் சொல்றேன்? ஆனா ஒண்ணு. இன்னைக்குப் புதுசா ஒரு பீப்பாய் திறக்கணும். மண்டி தெளியறதுக்காக வியாழக்கிழமையே சாய்ச்சு வச்சாச்சு. என்னால சுத்தியலைத் தூக்க முடியலை. நீ திறந்து குடு. அப்புறம் உன் இஷ்டம்."

என் சபதத்தை நினைத்தேன். என் வீட்டை நினைத்தேன். வீட்டைக் காப்பாற்ற ஒரு தடவை சபதத்தை மீறலாம் என்று இறங்கினேன்.

நிலவறை எல்லா ஊரிலும் ஒன்றுதான். அதே குளிர், அதே சுண்ணாம்புச் சுவர், அதே ஈஸ்ட் வாசனை. மரச்சுத்தியல் கைக்கு வந்ததும் தோள் தானாகவே இறங்கிக்கொண்டது. குழாயைப் பீப்பாயின் அடைப்புக்கு நேராக இடது கையில் பிடிக்கவேண்டும். அடி ஒன்றுதான். தயங்கி இரண்டாவது அடி அடித்தால் நிலவறையே பீரில் குளிக்கும். அப்பா அடிக்கும் முன்னால் மூச்சைப் பிடித்துக்கொள்வார். அடித்தபிறகு ஒரு பாட்டை முணுமுணுப்பார். அதைக் கேட்டால்தான் மாடியில் அம்மா முட்டையை வாணலியில் உடைப்பாள்.

மூச்சைப் பிடித்தேன். அடித்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை.

அப்புறம்தான், நான் அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பது எனக்கே கேட்டது. மேலே படியில் மிஸஸ் ப்ராபர்ட் கைத்தடியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். வந்த வேலையோடு வேலையாக, 'கலப்பை'யில் பார்த்ததுபோல் இங்கே ஆகக்கூடாதென்று குழாய்களையும் கழுவிவிட்டேன். அது பந்தயத்தில் சேர்த்தி இல்லை. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கதவைத் திறந்தார்கள். சர்ச் முடிந்து வந்தவர்கள் பாதி, சர்ச்சுக்குப் போகாமல் வந்தவர்கள் பாதி. விஷயம் எப்படியோ பரவியிருந்தது. வில்ஃப் கல்யாண டை கட்டிக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தார். நான் எதிரில் உட்கார்ந்து, மூடி இல்லாத சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்தேன். அவர் அதை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் என் சட்டைக் கையைப் பார்த்தார். ஈரமாக இருந்ததால் கையை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

நாலு கிளாஸ் வந்தது.

முதலாவது, என் பித்தளை மூடியைப் போட்டு இறக்கியது. எங்கள் வடக்கத்தி வழக்கம். பொடித் துளை வழியாக இறங்கும் பீர், பாலாடை மாதிரி நுரை கட்டி நிற்கும். இரண்டாவது, மூடியைக் கழற்றிவிட்டு அதே குழாயில் இறக்கியது. குளத்துத் தண்ணீர்போல் அலையில்லாமல் இருந்தது. மூன்றாவதைப் பீப்பாயிலிருந்து நேராகக் குவளையில் பிடித்து, நிலவறைக் குளிரோடு கொண்டுவந்தார்கள். நாலாவது பாவம், காலையிலிருந்து அடுப்பு மேலே இருந்தது.

வில்ஃப் முதல் கிளாஸைத் தூக்கினார். கொப்பளித்தார். கண்ணை மூடிக்கொண்டார். கண்ணைத் திறந்தபோது அது கொஞ்சம் கலங்கியிருந்தது. மூக்கில் நுரை ஏறிவிட்டது என்று நினைத்தேன்.

"யார்க்ஷயர்," என்றார். "சந்தேகமே இல்லை."

கூட்டம் தலையாட்டியது. நான் மடியில் கைகளைப் பிசைந்தேன்.

இரண்டாவது, தெற்கே கென்ட் பக்கத்துப் பீர், ஹாப் தோட்டத்துக் காற்று அதில் வீசுகிறது என்றார். மூன்றாவது வேல்ஸ் மலை ஊற்றுத் தண்ணீர். ஆட்டு மணிச் சத்தம்கூட ருசியில் கேட்கிறதாம். நாலாவதை ஒரு வாய் குடித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"இது அபாரம். மூணு வருஷமாவது பழுத்திருக்கணும். ஏதோ மடத்துச் சாமியாருங்க செஞ்சது."

மூலையில் ஒரு கிழவர் தன் கிளாஸுக்குள்ளேயே சிரித்துச் சட்டையை நனைத்துக்கொண்டார். மிஸஸ் ப்ராபர்ட் கைத்தடியால் தரையைத் தட்டினார்.

"நாலும் ஒண்ணுதாங்க. எங்க கடைப் பீர்தான். ஒரே பீப்பாய்."

பப் முழுக்கச் சிரிப்பு. நான் வில்ஃபையே பார்த்துக்கொண்டிருந்தேன். பால் பாட்டிலோடுகூட வாதாடுகிற மனுஷன், ஒரு வார்த்தை வாதாடவில்லை. பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து என் முன்னால் வைத்தார். நோட்டை எடுத்து என்னமோ எழுதி மூடினார்.

"சரி வாத்து. நீ ஜெயிச்சே. வீட்டுக்குப் போலாம்."

ஜெயித்தவளுக்குச் சந்தோஷம் வரவேண்டும். எனக்கு அந்த நின்றுபோன கடிகாரம் ஞாபகத்துக்கு வந்தது. இவர் திரும்பிப் போய் அதன் முன்னால்தானே உட்காரவேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"கொஞ்சம் இரு பொண்ணே," என்றார் மிஸஸ் ப்ராபர்ட். "நாக்கு வேணும்னு யார் கேட்டா? நாக்கு இங்க தினமும் அம்பது வருது, காசு குடுத்துட்டு. எனக்கு வேண்டியது கை. நாலு மாசமா எத்தனையோ பேர் வந்து பாத்தாங்க. ஒருத்தராவது ஒரே அடியில திறக்கலை. நான் காலைல ஏழு மணிக்கே முடிவு பண்ணிட்டேன்."

"எனக்கு வேண்டாம்," என்றேன்.

"வேண்டாம்னா வேண்டாம். என் இடுப்பு சரியாகற வரைக்கும் ஒரு வாரம் மட்டும் இருந்து திறந்து குடுத்துட்டுப் போ."

எழுபத்தொரு வயது இடுப்பு ஒரு வாரத்தில் சரியாகுமா என்று யோசித்திருக்கவேண்டும். யோசிக்கவில்லை. கிழவர் ஒருவர் கிளாஸைத் தூக்கிப் பிடித்து, அந்தம்மா கணவர் போனதுக்கப்புறம் இப்படி ஒரு பீர் இங்கே குடித்ததில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் காது அந்தப் பக்கம் போய்விட்டது.

இது போன வருஷம். இப்போது ஏழு நட்சத்திரத்தின் வாசல் நிலைக்கு மேலே, உரிமம் பெற்றவர் என்று வெள்ளை எழுத்தில் எழுதியிருக்கும் பெயர் மேவிஸ் டார்ல்டன். அது நான்தான். வில்ஃப் கனவு கண்டது கல்லாவுக்குப் பின்னால் டை கட்டிக்கொண்டு நிற்பதை. கிடைத்தது பின்கட்டில் ஈர ஏப்ரனும் கிளாஸ் கழுவும் தொட்டியும். ஒரே ஒரு பந்தயத்தில் வீடு, வேலை, அதிகாரம் மூன்றையும் பெண்டாட்டியிடம் தோற்ற மனுஷன் என்று லட்வெல்லில் அவரைக் காட்டிச் சிரிப்பார்கள். அவரும் கூடவே சிரிப்பார். பழைய வீட்டு லைலாக் செடியில் ஒரு கிளையைக் கொண்டுவந்து பின்வாசலில் நட்டிருக்கிறேன். பிழைக்குமா என்று கவலையாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இன்னும் எனக்கு வாய்க்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை அவர் கோட்டைத் துவைக்க எடுத்தபோது நீல நோட்டு கீழே விழுந்து திறந்துகொண்டது. எடுத்தவள் படித்துவிட்டேன். கடைசியாக எழுதிய பக்கம் அதுதான். பப் சிரித்துக்கொண்டிருந்தபோது, யாரும் எதையும் அவருக்கு விளக்கும் முன்னால் எழுதியது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் அவர் ஒரு பீரைக்கூட எழுதவில்லை.

'1215. ஏழு நட்சத்திரம், லட்வெல். நாலு கிளாஸும் ஒரே பீப்பாய். திறந்தது மேவிஸ். நங்கூரத்து ருசி. பத்துக்கு ஒன்பது. நாலாவதை அடுப்பு மேலே வைத்ததற்கு ஒரு மார்க் கழித்தாகிவிட்டது.'